டோகமாக் நிஜமாகவே ஒரு குட்டிச் சூரியன்தானா?

பகல்நிலா:
இணைவு உலை (இலேசான அணுக்கருக்களைச் சேர்த்து ஆற்றல் எடுக்கும் கருவி; எரிபொருளைக் காந்தப்புலத்தால் வளைய வடிவில் பிடித்து வைக்கும் வகைக்கு டோகமாக் என்று பெயர்) பற்றி எந்தச் செய்தி வந்தாலும் தலைப்பு ஒன்றுதான்: ‘செயற்கைச் சூரியன் புதிய சாதனை’. 2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட் டோகமாக் 1,066 நொடிகள் ஓடியபோதும் அதே தலைப்பு, அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் டோகமாக் 1,337 நொடிகள் தாக்குப்பிடித்தபோதும் அதே தலைப்பு.

நான் வானியல் பக்கமிருந்து வருகிறவன். எனக்கு இடறுவது இதுதான். சூரியனின் மையம் சுமார் 1.5 கோடி டிகிரி. பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டிவரும் பெரிய டோகமாக்கான ஈட்டர் திட்டமோ 15 கோடி டிகிரி வேண்டும் என்கிறது. சூரியனை நகலெடுக்கிறவர்கள் எதற்காகச் சூரியனைவிடப் பத்து மடங்கு சூடேற்ற வேண்டும்? விண்வெளியில் நாம் பார்க்கும் பிளாஸ்மாவுக்கும் (அணுக்கள் அயனிகளாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிந்த வாயு) உலைக்குள் இருக்கும் பிளாஸ்மாவுக்கும் உண்மையில் என்ன உறவு? விஷயம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

கணக்கு_வாத்தியார்:
முதல் கேள்விக்கு விடை அடர்த்தியில் இருக்கிறது. போட்டுப் பார்த்துவிடலாம்.

சூரிய மையத்தில் ஒரு கன செ.மீ.க்கு சுமார் 150 கிராம் எடை. ஈயத்தைப் போல் பதின்மூன்று மடங்கு. ஆனாலும் அது பிளாஸ்மாதான். அழுத்தம் 25,000 கோடி வளிமண்டலம். ஈட்டருக்குள் இருக்கப்போவது ஒரு கன மீட்டருக்கு 10^20 அயனிகள். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்தில் 2.5 × 10^25 மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆக, உலைக்குள் இருப்பது காற்றைவிட இரண்டரை லட்சம் மடங்கு நீர்த்த பொருள். மொத்தக் கொள்ளளவு சுமார் 840 கன மீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் உள்ளே எந்த நேரத்திலும் அரை கிராம் எரிபொருள்கூடத் தேறாது.

கூட்டமே இல்லாத இடத்தில் மோதல் அரிது. நடக்கிற மோதலாவது பலன் தர வேண்டுமானால் ஒவ்வொரு துகளும் பாய்ந்து வர வேண்டும். அதற்குத்தான் 15 கோடி டிகிரி.

இன்னொன்றும் கவனியுங்கள். சூரிய மையம் ஒரு கன மீட்டருக்கு வெளியிடும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. அதே கன அளவுக்கு மனித உடல் இதைவிட அதிகமாக வெப்பம் விடுகிறது! சூரியன் பிரகாசிப்பது அதன் பருமனால்தான், வேகத்தால் அல்ல. ஈட்டர் தன் இலக்கான 500 மெகாவாட்டை எட்டினால் கன மீட்டருக்குச் சுமார் 6 லட்சம் வாட். இரண்டாயிரம் மடங்கு. சூரியன் வேகத்தில் எரிகிற உலையை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

முதலாண்டு:
சார், சூரியன் ஏன் அவ்வளவு மந்தமாக எரிகிறது?

கணக்கு_வாத்தியார்:
முதல் படியே அப்படிப்பட்டது தம்பி. இரண்டு புரோட்டான்கள் சேரும் அதே கணத்தில் அவற்றில் ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும். அது வலுக்குறை விசையின் வேலை, நிதானமாகத்தான் நடக்கும். மையத்தில் இருக்கும் ஒரு புரோட்டான் தன் முறை வரச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. உலையில் எரிவது டியூட்டீரியமும் டிரிட்டியமும், அதாவது நியூட்ரான் சேர்ந்த கனமான ஹைட்ரஜன் வகைகள். நியூட்ரான்கள் ஏற்கனவே கையில் இருப்பதால் அந்தப் படியே கிடையாது. எரிபொருள் வேறு, வினை வேறு.

அயனி_அண்ணன்:
நான் பிளாஸ்மா ஆய்வுத் துறையில் இருக்கிறேன், அதனால் என் சாய்வைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

டோகமாக் குட்டிச் சூரியன் அல்ல. ஆனால் சூரியனுக்கும் அதற்கும் நெருங்கிய சொந்தம் இருக்கிறது. சொந்தக்காரர் மையத்தில் இல்லை, வெளியே, சூரியனைச் சூழ்ந்த மெல்லிய அடுக்கான கொரோனாவில் இருக்கிறார். இதை எப்படித் தீர்மானிப்பது என்றால், பிளாஸ்மாவின் அழுத்தத்தைக் காந்தப்புலத்தின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். எங்கள் துறையில் அதற்கு ‘பீட்டா’ என்று பெயர். ஆளைப் பார்த்தவுடன் நாங்கள் முதலில் கேட்பது பீட்டா எவ்வளவு என்றுதான்.

ஈட்டருக்கு: அயனியும் எலக்ட்ரானும் சேர்த்து அழுத்தம் மூன்று வளிமண்டலம் பக்கம் வரும். 5.3 டெஸ்லா காந்தப்புலத்தின் அழுத்தம் சுமார் 110 வளிமண்டலம். பீட்டா சில சதவீதம்தான். அதாவது இங்கே காந்தப்புலம் எசமான், பிளாஸ்மா சொன்னபடி கேட்கும் (பெரும்பாலும்). சூரிய மையத்தில் அப்படியே தலைகீழ், காந்தப்புலத்துக்கு அங்கே பேச்சே இல்லை. பிடித்து வைத்திருப்பது ஈர்ப்பு. அதிலும் ஒரு வசதி உண்டு: மையம் கொஞ்சம் கூடுதலாக எரிந்தால் விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் எரிவது குறையும். தானாகவே நிதானத்துக்கு வந்துவிடும். டோகமாக்கில் அந்தச் சொகுசு இல்லை.

மேற்பரப்புக்கு மேலே கொரோனாவுக்குப் போங்கள். பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம், மிக நீர்த்த பிளாஸ்மா, பீட்டா ஒன்றுக்குக் கீழே, வளைந்து நெளிந்த காந்தச் சுருள்கள். அதைப் பார்க்கும்போது எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். நாங்கள் திணறுகிற அதே இடங்களில்தான் சூரிய இயற்பியலாளர்களும் திணறுகிறார்கள்.

வரவுசெலவு:
சொந்தம் கொண்டாடுவது இருக்கட்டும். மின்சாரம் எப்போது வரும்? லேசரால் எரிபொருள் உருண்டையை நசுக்கி இணைவு நடத்தும் அமெரிக்க ஆய்விலேயே 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் உள்ளே போய் 3.15 வெளியே வந்தது என்று கொண்டாடினார்கள். அந்த லேசரை ஒருமுறை சுடச் சுவரிலிருந்து இழுத்த மின்சாரம் 300 மெகாஜூல். இதைச் செய்தியில் கடைசிப் பத்தியில்தான் போட்டார்கள்.

அயனி_அண்ணன்:
கணக்கு சரி. அதை மறைப்பவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. காந்த அடைப்பிலும் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் முறை) நிலைமை இதுதான்: இங்கிலாந்தில் இருந்த ஜெட் டோகமாக் 1997இல் 24 மெகாவாட் செலுத்தி 16 மெகாவாட் எடுத்தது. 2023 அக்டோபரில் ஒரே ஓட்டத்தில் 69 மெகாஜூல் எடுத்தது, எரிந்தது வெறும் 0.2 மில்லிகிராம். எரிபொருளின் வீரியத்தைக் காட்டும் எண் அது, மின்நிலையம் வந்துவிட்டது என்பதற்கான சான்று அல்ல. ஈட்டரின் புதிய அட்டவணைப்படி டியூட்டீரியம்–டிரிட்டியம் ஓட்டமே 2039இல்தான். அதுவும் மின்சாரம் தயாரிக்கக் கட்டிய இயந்திரம் அல்ல.

மின்னல்கீற்று:
எல்லோரும் அடிப்படையையே விட்டுவிடுகிறீர்கள். கண்ணுக்குத் தெரியும் அண்டத்தில் 99 சதவீதத்துக்கு மேல் பிளாஸ்மா என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பிளாஸ்மா மின்சாரம் கடத்தும். அப்படியானால் நட்சத்திரங்கள் வெளியிலிருந்து பாயும் மின்னோட்டத்தால்தான் எரிகின்றன. உள்ளே இணைவே கிடையாது. மேற்பரப்பு 5,800 டிகிரி, அதற்கு மேலே கொரோனா பத்து லட்சம் டிகிரி. உள்ளேயிருந்து வரும் சூடு என்றால் வெளியே போகப் போகக் குறைய வேண்டாமா? ஐம்பது வருடமாக இணைவு உலை ஓடாததற்குக் காரணமும் இதுதான், தப்பான மாதிரியை நகலெடுக்கிறார்கள்.

பகல்நிலா:
நண்பரே, கொரோனாப் புதிர் உண்மை. அதிலிருந்து நீங்கள் தாவும் முடிவுதான் கிணற்றுக்குள் விழுகிறது. சூரியனின் உள்ளே இணைவு நடக்கிறதா என்பதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இணைவில் பிறந்து, பெரும்பாலும் எதிலும் சிக்காமல் வெளியேறும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் நேரடியாக வந்து சொல்கின்றன. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த போரெக்சினோ கருவி, புரோட்டான்–புரோட்டான் இணைவின் முதல் படியில் வெளிவரும் நியூட்ரினோக்களை அளந்து 2014இல் வெளியிட்டது. 2020இல் இன்னொரு இணைவு வழியான கார்பன்–நைட்ரஜன்–ஆக்சிஜன் சுழற்சியின் நியூட்ரினோக்களையும் கண்டது. அவற்றின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடும் ஆற்றல், நாம் வெயிலாக அளக்கும் ஆற்றலோடு ஒத்துப்போகிறது. வெளியிலிருந்து வரும் மின்னோட்டம் அத்தனை நியூட்ரினோக்களை அந்தந்த ஆற்றலில் எப்படி உண்டாக்கும்?

மின்னல்கீற்று:
மின்னோட்டமே இல்லை என்கிறீர்களா?

அயனி_அண்ணன்:
யாரும் அப்படிச் சொல்லவில்லை. மின்னோட்டங்கள் தாராளமாக இருக்கின்றன, காந்தப்புலம் முறுக்கிக்கொள்ளும் இடமெல்லாம் இருக்கின்றன. இல்லாதது பெரிய அளவிலான மின்னேற்றப் பிரிவு. பிளாஸ்மாவில் ஓரிடத்தில் கூடுதல் மின்னேற்றம் சேர்ந்தால் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் உடனே ஓடிவந்து மூடிவிடும். எவ்வளவு தூரத்துக்குள் மூடும் என்பதற்கு டிபை நீளம் என்று பெயர். டோகமாக்கில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கொரோனாவில் சில மில்லிமீட்டர். அதைத் தாண்டிப் பார்த்தால் பிளாஸ்மா நடுநிலைதான். நட்சத்திரங்களை ஒளிரவைக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எங்கே நிற்கும்?

மட்டுறுத்துநர்:
‘எலக்ட்ரிக் யூனிவர்ஸ்’ விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். தனிப்பட்ட கிண்டல் இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

முதலாண்டு:
அண்ணா, ஒரே இடத்தில் திணறுகிறோம் என்றீர்களே, எந்த இடம்?

அயனி_அண்ணன்:
முதலிடம் காந்த மறுஇணைப்பு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

சூடான பிளாஸ்மாவுக்கு மின்தடை மிகக் குறைவு. வெப்பம் ஏற ஏறத் தடை இன்னும் இறங்கும். இதைக் கணக்கிட்ட லைமன் ஸ்பிட்சர் ஒரு வானியலாளர். 1951இல் ஸ்டெல்லரேட்டர் என்ற இணைவுக் கருவியை யோசித்தவரும் அவரே. தடை இல்லாத பிளாஸ்மாவில் காந்தப்புலம் பிளாஸ்மாவோடு ஒட்டிக்கொண்டே நகரும், ஒரு புலக்கோடு இன்னொன்றை வெட்டிக் கடக்க முடியாது. இந்தக் கருத்தைத் தந்த ஸ்வீடன் இயற்பியலாளர் ஆல்ஃப்வேன், 1970இல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே இதைக் கண்மூடித்தனமாக நம்பாதீர்கள் என்று எச்சரித்தார். காரணம் இருந்தது. சூரியனில் எதிரெதிர்த் திசையில் ஓடும் புலக்கோடுகள் நெருங்கும்போது, மெல்லிய மின்னோட்டத் தகடு ஒன்று உருவாகி, அங்கே கோடுகள் அறுந்து வேறு துணையோடு சேர்ந்துகொள்கின்றன. சேர்த்து வைத்திருந்த காந்த ஆற்றல் சூரியத் தீச்சுடராக வெடிக்கிறது.

ஸ்வீட்டும் பார்க்கரும் 1950களின் கடைசியில் இதற்குக் கணக்குப் போட்டார்கள். கணக்குப்படி ஒரு தீச்சுடர் முடிய மாதங்கள் ஆகும். நிஜத்தில் நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. 1964இல் பெட்செக் வேகமான ஒரு வழியைச் சொன்னார், ஆனால் சாதாரண மின்தடையை வைத்து அதைக் கணினியில் நிலைநிறுத்த முடியவில்லை.

இப்போது உலைக்குள் வாருங்கள். 1974இல் பிரின்ஸ்டனில் ஒரு டோகமாக்கின் நடுப்பகுதி எக்ஸ் கதிர்களைப் பார்த்தபோது ரம்பப்பல் மாதிரி வரைபடம் வந்தது. நடு வெப்பநிலை மெதுவாக ஏறும், சட்டென்று விழும், மறுபடி ஏறும். அடுத்த ஆண்டே கடோம்ட்செவ் மறுஇணைப்பை வைத்து விளக்கம் தந்தார், அழகான விளக்கம். பிறகு ஜெட் போன்ற பெரிய கருவிகள் வந்தன. அந்தச் சரிவு, கணக்கு சொன்னதைவிடப் பல மடங்கு வேகமாக நடந்தது. சூரியனில் வந்த அதே வழக்கு, அதே குற்றச்சாட்டு!

இன்று ஓரளவு தெரியும். மின்னோட்டத் தகடு ஓர் அளவுக்கு மேல் நீண்டு மெலிந்தால் முழுதாக நிற்காது, சிறு சிறு காந்தத் தீவுகளாகச் சிதறும். ஒவ்வொரு சிதறலும் வேகத்தைக் கூட்டும். இன்னும் சிறிய அளவில் அயனிகளும் எலக்ட்ரான்களும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நகர ஆரம்பிக்கின்றன, மின்தடைக்கு அங்கே வேலையே இல்லை. 2015இல் நாசா ஏவிய எம்எம்எஸ் விண்கலங்கள் நான்கும் சில கிலோமீட்டர் முதல் சில பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் நான்முகி வடிவில் பறந்து, பூமியின் காந்த எல்லையில் அந்த எலக்ட்ரான் பகுதிக்குள்ளேயே புகுந்து அளந்தன. ஆய்வகத்தில் பிரின்ஸ்டனின் எம்ஆர்எக்ஸ் என்ற மறுஇணைப்புச் சோதனைக் கருவி 1995 முதல் இதற்கென்றே ஓடுகிறது. விண்கலம், ஆய்வகக் கருவி, டோகமாக் ஆகிய மூன்றின் தரவுகளும் ஒரே கட்டுரையில் வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது எது வானியல், எது உலை என்று பிரிக்கத் தோன்றாது.

பகல்நிலா:
பார்க்கர் பெயர் வந்ததால் ஒரு துணைக்கதை. 1958இல் சூரியக் காற்று (சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் பிளாஸ்மா) பற்றி அவர் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் நிராகரித்தார்கள். இதழாசிரியராக இருந்த சந்திரசேகருக்கும் அந்த யோசனை பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் தப்பு எதையும் மதிப்பீட்டாளர்கள் காட்டவில்லை என்பதால் அவர்களை மீறி வெளியிட்டார். அறுபது ஆண்டு கழித்து அதே பார்க்கரின் பெயரில் விண்கலம் போனது. 2021 ஏப்ரலில் அது ஆல்ஃப்வேன் எல்லையை (அதற்கு உள்ளே காந்தப்புலம்தான் பிளாஸ்மாவை ஆளும்) தாண்டிக் கொரோனாவுக்குள் நுழைந்தது, 2024 டிசம்பர் 24 அன்று சூரிய மேற்பரப்புக்கு 61 லட்சம் கி.மீ. வரை நெருங்கியது. கொரோனாவைச் சூடாக்குவது அலைகளா, எண்ணற்ற குட்டி மறுஇணைப்புகளா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

கணக்கு_வாத்தியார்:
சந்திரசேகர் வந்துவிட்டார் என்றால் சோவியத் இயற்பியலாளர் வெலிகோவையும் சொல்லியாக வேண்டும். இந்த இழைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டு ஏன் உள்ளே விழுகிறது? கோள்கள் சூரியனுக்குள் விழவில்லையே. விழ வேண்டுமானால் கோண உந்தத்தை (சுழற்சியால் வரும் உந்தம்) யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். வாயுவின் சாதாரண உராய்வு அதற்குப் போதவே போதாது. 1959இல் வெலிகோவும் 1960இல் சந்திரசேகரும், உருளைகளுக்கு நடுவே சுழலும் மின்கடத்தும் திரவத்தில் மெல்லிய காந்தப்புலம் இருந்தால் ஓட்டம் நிலைகுலையும் என்று காட்டினார்கள். முப்பது ஆண்டு யாரும் வானத்தோடு முடிச்சுப் போடவில்லை. 1991இல் பால்பஸும் ஹாலியும் போட்டார்கள்.

நடப்பது இதுதான். ஒரே புலக்கோட்டில் இரண்டு வாயுத் துண்டுகள், ஒன்று சற்று உள்ளே, ஒன்று சற்று வெளியே. உள்ளே இருப்பது வேகமாகச் சுற்றும், முந்திப் போகும். கோடு விறைத்து அதைப் பின்னுக்கு இழுக்கும். அது கோண உந்தத்தை இழந்து இன்னும் உள்ளே சரியும், சரிந்ததும் இன்னும் வேகமெடுக்கும்! வெளியே இருப்பது உந்தம் பெற்று இன்னும் வெளியே நகரும். கோடு மேலும் விறைக்கும். பிடித்து நிறுத்தப் போய் ஓட்டிவிட்ட கதை. சில சுற்றுகளில் வட்டு முழுக்கக் கொந்தளிப்பு.

அந்த வெலிகோவ்தான் பிற்பாடு சோவியத் இணைவு ஆய்வின் தலைமைப் பீடத்தில் இருந்தவர். 1985 ஜெனீவாவில் கோர்பச்சேவ் ரீகனிடம் கூட்டு இணைவு உலை பற்றிப் பேசியதன் பின்னணியிலும் இருந்தார். ஈட்டர் அதிலிருந்து முளைத்தது. கருந்துளை வட்டும் ஈட்டரும் ஒரே மனிதரின் வாழ்க்கையில்.

முதலாண்டு:
வட்டில் கொந்தளிப்பு நல்லது, உலையில் கெட்டதா?

அயனி_அண்ணன்:
சரியாகப் பிடித்தாய். அங்கே கொந்தளிப்பு இல்லாவிட்டால் கருந்துளைக்குச் சாப்பாடு இல்லை. இங்கே அது வெப்பத்தை வெளியே கசியவிடும் திருடன். 1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் கருவியில் வாக்னர் வெப்பமூட்டலைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஓர் அளவைத் தாண்டியதும் அடைப்பு (வெப்பத்தைப் பிடித்து வைக்கும் திறன்) திடீரென்று சுமார் இரு மடங்கு மேம்பட்டது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விளிம்பில் அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நழுவி, சுழல்களைக் கிழித்துப் போட்டுவிடுகின்றன. ஈட்டரின் வடிவமைப்பே அந்த எதிர்பாராத பரிசின் மேல்தான் நிற்கிறது.

வரவுசெலவு:
வாழ்த்துகள். டிரிட்டியம் எங்கே கிடைக்கும்? அரைவாழ்வு 12.3 ஆண்டு, இயற்கையில் பெயருக்குத்தான் இருக்கிறது. 1,000 மெகாவாட் இணைவு ஆற்றலை ஓராண்டு ஓட்ட 55 கிலோவுக்கு மேல் வேண்டும்.

அயனி_அண்ணன்:
உலையே விளைவிக்க வேண்டும், வேறு வழி இல்லை. இணைவில் வெளிவரும் 14.1 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லாததால் காந்தப்புலம் பிடிக்காது, சுவருக்குள் போகும். அங்கே லித்தியம் வைத்தால் டிரிட்டியம் பிறக்கும். ஒரு டிரிட்டியம் எரிந்தால் ஒன்றுக்குச் சற்று மேலாவது திரும்பக் கிடைக்க வேண்டும். முழு அளவில் இதை எந்த உலையும் இன்னும் செய்து காட்டவில்லை. என்னைக் கேட்டால் பிளாஸ்மாவைவிட இந்தச் சுவர்தான் பெரிய தலைவலி.

பகல்நிலா:
இணைவுக்காரர்கள் எங்களுக்குத் திருப்பித் தந்ததையும் பதிந்துவிடுகிறேன். சூரியனுக்குள் இரும்பு எவ்வளவு ஒளியை மறிக்கிறது என்பது கணக்கில் மட்டுமே இருந்தது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் உள்ள இசட் இயந்திரம், சுமார் இருபது லட்சம் டிகிரியில் இரும்பை அளந்து 2015இல் வெளியிட்டது. சில அலைநீளங்களில் கணக்கைவிட 30 முதல் 400 சதவீதம் வரை அதிகம்! சூரிய மாதிரிக்கும் சூரிய அதிர்வு அளவீட்டுக்கும் உள்ள பிணக்கில் ஒரு பகுதி இதனால் தீரலாம். எல்லாமே தீராது.

முதலாண்டு:
கடைசியாக ஒன்று. டோகமாக்கும் கொரோனாவும் சொந்தம் என்றால், உலைக்குள் தீச்சுடர் மாதிரி வெடிக்குமா?

அயனி_அண்ணன்:
குண்டு மாதிரி வெடிக்காது. உள்ளே இருப்பது அரை கிராமுக்குக் கீழே. வாத்தியார் சார் கணக்கு மேலே இருக்கிறது. ஆனால் அடைப்பு மொத்தமாகக் குலைவது உண்டு, ஆயிரத்தில் சில பங்கு நொடியில் வெப்பம் சுவரில் கொட்டும். அப்போது இன்னொரு வில்லன் வருவான். பிளாஸ்மாவில் எலக்ட்ரான் வேகமாக ஓட ஓட அதன் மேல் உராய்வு குறையும். மின்புலம் போதுமான அளவு இருந்தால் சில எலக்ட்ரான்கள் பிடி விட்டு ஒளிவேகத்தை நெருங்கிவிடும். ஈட்டரின் 1.5 கோடி ஆம்பியர் மின்னோட்டத்தில் கணிசமான பங்கு இப்படி ஒரு கற்றையாக மாறினால் சுவரைத் துளைத்து உருக்கிவிடும். சூரியத் தீச்சுடரிலும் ஏராளமான எலக்ட்ரான்கள் நொடிகளில் முடுக்கம் பெறுகின்றன. அங்கே வழிமுறை எது என்பது இன்னும் திறந்த கேள்வி.

ஈட்டரில் இதற்கு வைத்திருக்கும் மருந்து, உறைந்த ஹைட்ரஜனும் நியானும் கலந்த உருண்டைகளைக் குழாய் முனையில் மோதி உடைத்து, சில்லுகளாக உள்ளே அடிப்பது.

முதலாண்டு:
அந்த நியான் உள்ளே போய் என்ன ஆகும்?

அயனி_அண்ணன்:
ஆவியாகி, அயனியாகி, பிளாஸ்மாவின் வெப்பத்தை ஒளியாகச் சுற்றிலும் இறைத்துவிடும். ஓரிடத்தில் கொட்ட வேண்டியது சுவர் முழுக்கப் பரவிவிடும். ஹைட்ரஜன் கூட்டத்தைக் கூட்டி எலக்ட்ரான்களுக்கு உராய்வை ஏற்றும். மிச்ச வாயுவைப் பம்புகள் உறிஞ்சிவிடும், கருவியைச் சரிபார்த்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குத் தயார் செய்யலாம்.